குழியில் பாறை இல்லை

எந்தப் பாலத்துக்கும் முதல் வேலை குழி தோண்டிப் பார்ப்பதுதான். எத்தனை இடத்தில் தோண்ட வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. குழியில் கண்டதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சர்க்கார் ஒப்பந்தத் தகராறுகளில் 'மோசடி' என்ற சொல்லையும் 'உரிமையை விட்டுக்கொடுத்தல்' என்ற சொல்லையும் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். அவற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு மனிதர்களின் முகம்தான் ஞாபகம் வரும். ஓசூரில் எனக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பொதுப்பணித் துறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முதல் வேலையே ஓசூரில் போட்டார்கள். இன்று நீங்கள் பார்க்கிற தொழிற்சாலைகளும் கம்பெனி பஸ்களும் அப்போது கிடையாது. குளிரும் தூறலும் உள்ள சின்ன ஊர். கடைக்காரர் தெலுங்கில் கேட்பார், பால்காரர் கன்னடத்தில் பதில் சொல்வார், நான் தமிழில் நிற்பேன். நான் பேசிய தமிழும் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. 'அவிய, இவிய' என்று வாய் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் கொஞ்ச நாளில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்தால், திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகிறவரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு.

அந்தத் தனிமையில் எனக்குக் கிடைத்த முதல் மனிதர் எங்கள் ஏ.இ. சப்-டிவிஷனைக் கவனிக்கும் உதவிப் பொறியாளரை அப்படித்தான் சொல்வோம். சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏ.இ.தான் தினமும் வந்தார். தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிறவரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நிறையப் பேச மாட்டார். "குடிச்சிட்டியா தேவசகாயம்? சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் பிள்ளைகள் எங்காவது நன்றாக இருப்பார்கள்.

மைசூர் எல்லையை ஒட்டி மல்லப்பள்ளி என்று ஒரு கிராமம். அதற்கும் சாலைக்கும் நடுவில் ஒரு காட்டாறு. கோடையில் வெறும் மணல், மழைக்காலத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும். நான் வருவதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு பார வண்டி மாட்டோடும் ஆளோடும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே பாலம் கட்டுகிற பேச்சு வந்தது. அந்தப் பாலத்துக்காக மண் பரிசோதனைக் குழி தோண்டுவது எனக்குக் கிடைத்த முதல் சொந்த வேலை.

இரண்டு கரையிலும் தோண்டினோம். சீக்கிரமே நல்ல பாறை கிடைத்தது. பிறகு ஆற்றின் நடுவில் தோண்டினோம். ஓர் ஆள் உயரம் போனதும் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அதற்குக் கீழே மணல் சரிந்துகொண்டே இருந்தது. மூங்கில் தட்டி கட்டி இன்னும் கொஞ்சம் இறங்கி, நீளமான இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தோம். கம்பி எதிலும் முட்டாமல் முழுவதும் உள்ளே போயிற்று. ஏ.இ. வந்தார். குழிக்கு மேலே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மூடிடு" என்றார்.

மூடினோம். அடுத்த வாரமே என்னைக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஏரி அளக்க அனுப்பினார்கள். பல மாதம் அங்கேயே இருந்துவிட்டேன். நான் திரும்பி வந்தபோது டெண்டர் முடிந்து, பால வேலை ஆரம்பித்திருந்தது.

ஒப்பந்தம் எடுத்தவர் சென்னப்பன். நாகரசம்பட்டிக்காரர். அங்கே மாந்தோப்பு வைத்திருந்தார். அதுவரை பள்ளிக்கூடக் கட்டடம், சின்னச் சின்ன மதகு என்று செய்துகொண்டிருந்தவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. உடம்பு பெரியது, குரல் அதைவிடப் பெரியது. வீட்டில் தெலுங்கு, ஆட்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். வேலை நடக்கிற இடத்திலேயே குடிசை போட்டு மனைவியோடு தங்கியிருந்தார். மத்தியானம் ஆனால் அந்த அம்மாள் எனக்கும் ஒரு தட்டில் ராகிக் களியை வைத்துவிடுவார். முதல் நாள் நான் அதை மென்று விழுங்கத் திண்டாடியதைப் பார்த்துச் சென்னப்பன் சிரித்த சிரிப்பு எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும். "மெல்லக் கூடாதுங்க சார், உருட்டி அப்படியே முழுங்கணும்!" என்றார். ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். வேலை இல்லாத நாளிலும் மத்தியானத்துக்கு அங்கே போய்விடுவேன்.

ஆனால் வேலை ஏறவில்லை. ஆற்று நடுவில் வரவேண்டிய தூணுக்கு அஸ்திவாரம் தோண்டத் தோண்ட மணல்தான் வந்தது. தண்ணீரைத் தடுக்க மண் கரை கட்டினார். ஆயில் என்ஜின் வாடகைக்கு எடுத்து இறைத்தார். ராத்திரி இறைத்த தண்ணீர் காலையில் திரும்ப நின்றது. டெண்டரோடு கொடுத்த வரைபடத்தை அப்போதுதான் நான் பார்த்தேன். இரண்டு கரையிலும் பாறை காட்டியிருந்தார்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஆற்றுக்கு அடியில் ஒரே நேர்கோடு போட்டிருந்தார்கள். நடுவில் நான் தோண்டிய குழி அந்தப் படத்தில் இல்லை.

"பாறை எங்கீங்க சார்? படத்துல இருக்குது, ஆத்துல இல்லியே!" என்று சென்னப்பன் ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் கேட்பார். போகப் போக வேடிக்கை நின்றுவிட்டது.

ஒருநாள் மத்தியானம் மண் கரை உடைந்தது. பல நாள் வேலை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணலால் மூடிப்போயிற்று. ஆட்கள் எல்லாம் ஏறி வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னப்பன் ஒரு இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என் குத்தந்தானுங்க சார்" என்றார். "சர்க்கார்ல படிச்சவங்க பார்த்துச் சொல்லியிருக்காங்க, பாறை இருக்குதுன்னு. எனக்குத்தான் பெரிய வேலை தெரியல. எங்கியோ தப்பாத் தோண்டறேன். இன்னும் ரெண்டு அடி போனா இருக்கும். ஆளுங்கதான் சோம்பேறித்தனம் பண்றாங்கன்னு நேத்துக்கூட ஒருத்தன அடிச்சுட்டேன்."

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம் எப்படிப் பேசாமல் இருப்பது?

"உங்க தப்பு இல்ல. இங்க நடுவுல நானே குழி தோண்டினேன். டெண்டருக்கு முன்னாலயே. பாறை இல்ல" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ.இ. சாருக்குத் தெரியுமாங்க?"

"பார்த்தாங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"நான் ஏ.இ.கிட்ட பேசறேன்" என்றேன்.

அன்றே போய்ப் பேசினேன். சென்னப்பனிடம் குழியைப் பற்றிச் சொல்லிவிட்டதை மட்டும் சொல்லவில்லை. ஏ.இ. மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் விட்டேன்" என்றார். "நடுவுல பாறை இல்லன்னு எழுதினா எஸ்டிமேட் ரெண்டு மடங்காகும். மெட்ராஸ் வரைக்கும் போகும், கேள்வி கேட்டு இறங்கி வரும், மறுபடி ஏறும். அதுக்குள்ள எத்தனை மழை? எத்தனை வண்டி? வேலையை ஆரம்பிச்சுட்டா நிறுத்த மாட்டாங்க. அவனுக்கு நஷ்டம் வராம கூடுதல் வேலைன்னு போட்டு நான் வாங்கித் தர்றேன். சென்னப்பன்கிட்ட சொல்லு, வேலையை முடிக்கட்டும்."

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பைசா தனக்கென்று எடுக்கவும் இல்லை. வாங்கித் தந்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன். போய்ச் சொன்னேன். சென்னப்பனும் நம்பினார். "பெரியவங்க வார்த்தை" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டு மறுபடியும் கரை கட்டத் தொடங்கினார். தோப்பில் பாதியை அடமானம் வைத்தார், பிறகு மீதியையும். தூணை இறக்கிவிட்டார். பாலம் முடிந்தது. அந்த மழைக்காலத்தில் மல்லப்பள்ளி வண்டிகள் ஆற்றுக்கு மேலே போயின.

கூடுதல் வேலைக்கு ஏ.இ. எழுதியதை மேலிடம் தள்ளிவிட்டது. மண்ணின் நிலையை ஒப்பந்தக்காரரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனையில் இருக்கிறதே, பிறகு எதற்குக் கூடுதல் என்று கேட்டார்கள். குழியைப் பற்றிச் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சொன்னால் ஏ.இ.யின் வேலை போகும். அவர் சொல்லவில்லை. அதற்குள் அவருக்குப் பதவி உயர்வும் வந்து, சேலத்துக்குப் போய்விட்டார். கடைசி பில் வந்தபோது, 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரிக்குக் கீழே சென்னப்பன் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் வைப்புத்தொகையும் கைக்கு வராது. ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்தார். "போட்டுட்டேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தோப்பு கடன்காரன் கைக்குப் போன பிறகுதான் அவர் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். வக்கீல் கெட்டிக்காரர். இந்த வழக்கு முழுவதும் எதில் நிற்கிறது என்பதை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். சர்க்கார் தெரிந்தே மண்ணின் நிலையை மறைத்திருந்தால் அது மோசடி. மோசடி இருந்தால் அந்தக் கையெழுத்தும் நிற்காது. ஆனால் மோசடி தெரிந்த பிறகும் ஒருவர் வேலையைத் தொடர்ந்து செய்து, தீர்வுக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அவரே தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஆகிவிடும். தெரியாமல் போட்டால் ஏமாந்தவர், தெரிந்து போட்டால் விட்டுக்கொடுத்தவர். "கையெழுத்துக்கு முன்னால உங்களுக்கு அந்தக் குழி விஷயம் தெரியுமா?" என்று வக்கீல் கேட்டிருக்கிறார். "தெரியாது" என்று சென்னப்பன் சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தப்படி தகராறு மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. எங்கள் துறையிலேயே வேறு வட்டத்தைச் சேர்ந்த ஒரு பெரிய என்ஜினீயர் மத்தியஸ்தர். கிருஷ்ணகிரி டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை. சென்னப்பன் தரப்பில் என்னைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து வந்தபோது ஏ.இ. என் அறை வாசலில் நின்றிருந்தார். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். உள்ளே வந்து, காய்ச்சலின்போது உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"குழியே தோண்டலன்னு சொல்லுன்னு நான் கேட்கல" என்றார். "எத்தனையோ குழி தோண்டினோம், எதுன்னு ஞாபகம் இல்லன்னு சொல்லு. அது போதும். அது பொய்கூட இல்ல, பாதிதான்."

"சார், எனக்கு ஞாபகம் இருக்கு."

"எனக்கும் இருக்குப்பா" என்றார். "நான் மறைச்சது எனக்காக இல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அதை எவனும் கேட்க மாட்டான். மறைச்சானா இல்லையான்னு மட்டும்தான் கேப்பான்." எழுந்து வெளியே போனார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சென்னப்பன் வந்தார். குரல் பாதியாகிவிட்டிருந்தது. உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குழி தோண்டினத நீங்க மறைக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியுங்க சார். அதுக்கு நான் வரல" என்றார். "கரை உடைஞ்ச அன்னிக்கு நாம பேசிக்கிட்டது... அது உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாதுங்க. அத யாரும் கேக்கப் போறதுமில்ல. அப்படி யாராச்சும் கேட்டா மட்டும், இல்லன்னு ஒரு வார்த்தை. எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. அந்தத் தோப்புல பாதியாச்சும் திரும்பி வரும்."

நான் பதில் சொல்லவில்லை. என் மௌனத்தை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். கேட்பதற்கு எனக்கு இருந்ததே அந்த இரண்டு பேர்தான். ஏதாவது சிக்கல் என்றால் ஏ.இ.யிடம் போவேன், மனம் சரியில்லை என்றால் சென்னப்பன் குடிசைக்குப் போவேன். இருவரும் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்குப் போக இடம் இல்லை. ஊருக்கு அப்பாவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

விசாரணை அன்று பங்களாவின் கூடத்தில் நீள மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சர்க்கார் வக்கீல், அவர் பக்கத்தில் ஏ.இ. எதிர்ப்பக்கம் சென்னப்பனும் அவர் வக்கீலும். மேஜை முனையில் மத்தியஸ்தர். மெலிந்த மனிதர், எதையும் முகத்தில் காட்டாதவர். ஏ.இ.யை முன்பே விசாரித்திருந்தார்கள். ஆற்று நடுவில் குழி எதுவும் தோண்டவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். கையெழுத்துக்கு முன்னால் குழி விஷயம் தெரியாது என்று சென்னப்பனும் சத்தியம் செய்திருந்தார்.

சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். சென்னப்பனின் வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டெண்டருக்கு முன்னால் ஆற்றின் நடுவில் குழி தோண்டினீர்களா?"

"தோண்டினேன்."

"பாறை இருந்ததா?"

"இல்லை."

"அதைப் பார்த்த மேலதிகாரி யார்?"

ஏ.இ. பக்கம் நான் திரும்பவில்லை. அவர் பெயரைச் சொன்னேன். நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. சென்னப்பனின் வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். எங்கள் ஆபீசிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் கூடத்தை விட்டு வெளியே போனார்கள். சென்னப்பன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கண் கலங்கியிருந்தது.

பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் அவரும் கேட்டார். மனமில்லாமல், கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்தக் குழியைப் பற்றி ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் எப்போதாவது பேசியதுண்டா?"

இல்லை என்று சொன்னால் முடிந்துவிடும். அதை மறுக்க உலகத்தில் ஆள் இல்லை. அந்த மனிதர் ஏமாற்றப்பட்டது உண்மை, அவர் தோப்பு போனது உண்மை, நியாயப்படி அவருக்குக் கிடைக்க வேண்டியதுதான் அது. இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் எனக்குள் ஓடிற்று. கூடவே இன்னொன்றும் ஓடிற்று. சற்று முன்புதான் ஒருவரை நான் சத்தியத்தின் பேரால் கவிழ்த்திருக்கிறேன். எனக்குக் கஞ்சி ஊற்றியவர். அடுத்த கேள்விக்கே பொய் சொன்னால், அவருக்குச் செய்தது சத்தியம் இல்லை, கட்சி கட்டியது என்று ஆகிவிடும்.

சென்னப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசினேன்" என்றேன்.

காகிதம் புரட்டிய கை நின்றது. "எப்போது?"

"வேலை பாதி நடந்தபோது. மண் கரை உடைந்த அன்று."

"கையெழுத்துக்கு முன்பா?"

"முன்பு."

மத்தியஸ்தர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சென்னப்பன் பக்கம் திரும்பினார். "தெரிந்துதான் வேலையைத் தொடர்ந்தீரா? தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீரா?"

சென்னப்பன் எழுந்து நின்றார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை அவர் கவனிக்கவில்லை.

"போடாம என்னங்க சாமி பண்றது? பாதி ஆத்துல நிக்கிறேன். வுட்டுட்டுப் போனா டெபாசிட்டு போச்சு, பேரு போச்சு. வாங்கித் தர்றேன்னு சொன்னாங்க, நம்புனேன். கடைசில நீட்டுனாங்க, போட்டேன். நான் எதையும் விட்டுக்குடுக்கல சாமி. எங்கிட்ட விட்டுக்குடுக்க அப்ப என்ன இருந்துச்சு?"

மத்தியஸ்தர் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எழுதினார்.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. காரணம் எதுவும் எழுதாமல், கோரிக்கை தள்ளுபடி என்று மட்டும் இருந்தது. முதலில் தெரியாது என்று சத்தியம் செய்தவரின் வார்த்தை எடுபடவில்லை. குழியை மறைத்ததற்காக ஏ.இ. மீது துறையே தனியாக விசாரணை வைத்தது. பதவி இறக்கினார்கள். பாலத்தைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் சென்னப்பன் என்னைத் தேடி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க அங்க சொன்னதுக்கு நான் கோவிக்கலீங்க" என்றார். "நீங்க அப்படிப்பட்ட ஆளுதான். ஆனா கரை உடைஞ்ச அன்னிக்கு எதுக்குங்க எங்கிட்ட சொன்னீங்க? எழுதியும் குடுக்கல, மேல எடுத்துட்டும் போகல. எங்காதுல மட்டும் சொன்னீங்க. அதக் கேட்டதால எனக்கு என்ன கெடைச்சுது? கேக்காம இருந்திருந்தா என் தோப்பு எனக்கு வந்திருக்கும். உங்க பாவப்பட்ட மனசுதானுங்க சார் என்னக் கெடுத்துடுச்சு."

உங்களுக்கு நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவருடைய உரிமையைப் பாதிக்கிற செய்தி உங்கள் கையில் இருந்தால், அதை இரக்கத்தினால் அவர் காதில் மட்டும் போடாதீர்கள். அவருக்குத் தெரிந்த நொடியிலிருந்து அவருடைய ஒவ்வொரு நாள் வேலையும், ஒவ்வொரு கையெழுத்தும் 'தெரிந்தே செய்தது' ஆகிவிடும். சொல்வதானால் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள், உங்கள் மேலதிகாரிக்கும் அவருக்கும் ஒரே நாளில். அதனால் உங்களுக்கு வருவது வரட்டும். அதற்குத் துணிவில்லை என்றால், அவர் துயரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற வேதனையையும் நீங்களேதான் தாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் பாரம் இறங்குவதற்காக அவர் தலையில் ஏற்றிவிடாதீர்கள். நான் அன்று செய்தது எது என்று இத்தனை வருடம் கழித்தும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து தன்னையே நொந்துகொண்ட மனிதர்தான் எனக்குத் தெரிந்தார், சட்டம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஓசூரில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன். ஆபீசில் என் மேஜைக்கு யாரும் வர மாட்டார்கள். தங்கள் அதிகாரியைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவர்களுக்குக் கோபம். ஒப்பந்தக்காரர்கள் வேறு காரணத்துக்காக ஒதுங்கினார்கள். இவனிடம் வாய் கொடுத்தால் நாளைக்கு அதையும் போய்ச் சொல்வான் என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் நான் நுழைந்தால் தெலுங்குப் பேச்சு கன்னடத்துக்கு மாறும். அதற்குள் எனக்கு இரண்டும் புரியத் தொடங்கிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. சென்னப்பன் இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்தார். அவர் வேலையை நானே அளக்க வேண்டி வந்தது. டேப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை நான். அளவை மட்டும் சத்தமாகச் சொல்லிக்கொள்வோம். மத்தியானம் அவர் ஆட்களோடு சாப்பிட உட்காருவார், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஏ.இ.யைப் பார்த்தேன். படுக்கையும் தகரப் பெட்டியுமாக ஒரு தூணோரம் நின்றிருந்தார். எங்கோ தெற்கே மாற்றியிருந்தார்கள். தலை நன்றாக நரைத்துவிட்டது. ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் போய் நின்றேன்.

"உடம்பு எப்படி இருக்கு தேவசகாயம்? காய்ச்சல் கீய்ச்சல் வருதா?" என்றார்.

"இல்ல சார்."

வந்து நின்ற ஒரு பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"சென்னப்பன் எப்படி இருக்கான்?"

"மேஸ்திரியா இருக்கார் சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். "அவனும் உன்கிட்ட வந்தானாமே, எனக்குப் பிற்பாடு தெரிஞ்சுது. நான் ஒண்ணு கேட்டேன், அவன் ஒண்ணு கேட்டான்." என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். குரலில் கோபம் இல்லை. "உன்மேல வருத்தம் இல்லப்பா. ஆனா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது நீ மிச்சம் வச்சுக்கிட்டிருக்கலாம். இந்த ஊர்ல எப்படித் தனியா இருக்கே?"

அதற்குள் சேலம் பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று அவரே தூக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் திரும்புகிறவரை நான் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை, கண்ணாடியில் வெயில் அடித்தது.

அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஓசூர் வருகிறவரை யோசித்தேன். அறைக்கு வந்து, விளக்கேற்றி, ஒருவருக்கு வேண்டிய அளவு சோறு வடித்துச் சாப்பிட்டேன். காலையில் வேலை இருந்தது. போனேன்.